கண்ணாடிக் கிட்டாருக்குள் ஒரு செப்புப் பெட்டி

1. நான்கு துண்டாக வந்த கிட்டார்

ஒரு திங்கட்கிழமை, கடை திறந்த கையோடு ஜெரோம் வந்து என் மேசையில் ஒரு துவாயை விரித்தான். உள்ளே அவனுடைய கிட்டார் நான்கு துண்டாகக் கிடந்தது. பாடி வேறு, நெக் வேறு, பின்மூடி வேறு, ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் வேறு. விழுந்து உடைந்துவிட்டதோ என்று நினைத்தேன். உடையவில்லை. முந்தின நாள் ஆமி செக்பொயின்டில் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். கழற்றிவிட்டான், திரும்பப் பூட்டத் தெரியவில்லை.

அப்போது நான் கொழும்பில் வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்த வாத்தியக் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தேன். யுத்த காலம். ஜெரோம் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்கிசையில் ஒரு ஹோட்டலில், பகல் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கும் பாண்டில் கிட்டார்காரன். பஸ்ஸில் அங்கே போகும் வழியில், தெஹிவளைக்கு முன் ஒரு செக்பொயின்ட். எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய் மறுபக்கம் ஏற வேண்டும். தமிழன் ஒருவன் தோளில் அவ்வளவு பெரிய பையோடு வந்தால் யார் சும்மா விடுவார்கள்? பாடியைத் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளே என்ன என்பார்கள். பின்மூடியைத் திற என்பார்கள். அதற்குள் பஸ் போய்விடும்.

இப்படி இரண்டு ஞாயிறு பிந்திவிட்டது; முந்தின நாள் இரவல் கிட்டாரில்தான் வாசித்தானாம். மூன்றாம் முறை பிந்தினால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று பாண்ட் லீடர் சொல்லிவிட்டாராம். மற்ற வேலையெல்லாம் கலியாண சீசனோடு சரி. அவனுக்கு நிரந்தரமாக இருந்தது இந்த ஒரு ஞாயிறுதான்.

சட்டைப் பையிலிருந்து ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையின் தாளை எடுத்து நீட்டினான். முழுக்க முழுக்கக் கண்ணாடி போன்ற ஒரு கிட்டார்.

"அண்ணே, இதுல ஒளிக்க எடமே இல்ல பாருங்க. ஆமிக்காரன் ஒருக்கா பார்த்தா போதும். கழட்டச் சொல்ல மாட்டான்."

எனக்கு அது மிகவும் சரியான யோசனையாகப் பட்டது. அங்கேதான் நான் முதலில் ஏமாந்தேன்.

2. பெர்ஸ்பெக்ஸில் என்ன நல்லது, என்ன கூடாது

கண்ணாடி என்று சொன்னாலும் அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். கடைப் பெயர்ப்பலகை செய்கிறவர்கள் பெர்ஸ்பெக்ஸ் என்பார்கள். கொட்டாஞ்சேனையில் பெயர்ப்பலகை செய்யும் ஒருவரிடம் ஜெரோம் தடித்த ஷீட்டுகளாகப் பார்த்து வாங்கிவந்தான். இந்த வேலையை எடுக்கும் இளையவர்களுக்காக, எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

நல்லது என்று பார்த்தால், கடற்காற்று அதை ஒன்றும் செய்யாது. வெள்ளவத்தையில் மரம் உப்புக்காற்றுக்கு ஊதும், சுருங்கும். அக்ரிலிக் அசையாது. சஸ்டெயின், அதாவது தட்டிய சுரம் நின்று ஒலிப்பது, நன்றாக இருக்கும். பார்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

கூடாதது என்று தொடங்கினால் முடியாது. பாரம். மரப் பாடியைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அறுக்கும்போது ப்ளேட் சூடாகிவிட்டால் வெட்டிய இடமே பின்னால் உருகி ஒட்டிக்கொள்ளும்; மெதுவாக, தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். ஷீட்டுகளைக் குளோரஃபோம் விட்டு ஒட்டும்போது ஒரு குமிழி அகப்பட்டால் கிட்டார் இருக்கும்வரை அதுவும் இருக்கும். நான் செய்த கிட்டாரில், தந்தி தாங்கும் ப்ரிட்ஜுக்குக் கீழே மூன்று இருந்தன. வேலை முடிந்ததும் எல்லாக் கிட்டாரையும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது என் பழக்கம். இதையும் துடைத்தேன். ஸ்க்ரூத் துளைகளைச் சுற்றி மயிர்போல வெடிப்பு ஓடியது. அக்ரிலிக்குக்கு ஸ்பிரிட் ஆகாது என்று அன்றுதான் படித்தேன்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் விட்டேன். அது பிழை என்று அப்போது தெரியவில்லை.

எலெக்ட்ரிக் கிட்டாருக்குள் வயர், வொலியூம் திருகும் பொட், கேபிள் செருகும் ஜாக் எல்லாம் இருக்கும் குழியைச் செப்புத் தகடு போன்ற தாளால் சுற்றி மூட வேண்டும். ஷீல்டிங் என்போம். இல்லாவிட்டால் லைட், ஃபேன் எல்லாவற்றின் இரைச்சலும் ஆம்ப்ளிஃபையரில் கேட்கும். ஷீல்டிங் இல்லாமல் ஒரு கிட்டாரும் என் மேசையை விட்டு இறங்கியதில்லை. அந்த ஒன்றில் எனக்குக் கர்வம். இதற்கும் செய்தேன். ஜெரோம் கேட்டபடி உள்ளே ஒலியைக் கூட்டும் ஒரு சின்ன பூஸ்டர் சர்க்கிட்டும், ஒன்பது வோல்ட் பற்றரியும் வைத்து, மூலை மடித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் செப்புத் தாளை ஒட்டினேன்.

நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் முதலாளி வந்து தூக்கிப் பார்த்தார்.

"மீன் தொட்டி மாதிரி ஈக்கிது," என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் கடையில் அதுவே பெரிய பாராட்டு.

நானும் ஜெரோமும் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தோம். நடுவில் சிவப்பாக மினுங்கிய அந்தப் பெட்டி எங்கள் இருவர் கண்ணிலும் படவே இல்லை. தொழிலில் பழகிய கண்ணுக்கு ஷீல்டிங் தெரிவதில்லை.

3. ஞாயிறு, பத்து மணி

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிபோல, நான் தங்கியிருந்த லொட்ஜின் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு த்ரீவீலர் நின்றது. ஒரு கொன்ஸ்டபிள் இறங்கி என் பெயரைச் சொல்லிக் கேட்டார். லொட்ஜ்காரர் பதிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று அடையாள அட்டையில் இருக்கிற ஒருவனுக்கு, பெயர் சொல்லி அழைப்பது நல்லதாக முடிவது குறைவு.

அடையாள அட்டை, கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு இரண்டையும் எடுத்துக்கொண்டேன். எதற்கென்று தெரியாமலே டூல் பையையும் எடுத்தேன்.

செக்பொயின்டில் மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதன் மேல் என் கிட்டார். சுற்றி ஆறேழு அடி வெறுமையாக விட்டிருந்தார்கள். செய்தது யார் என்று கேட்டபோது என் பெயரைச் சொல்லிவிட்டு, ஜெரோம் வெயிலில் தனியாக ஒரு பெஞ்சில் இருந்தான். மரக் கிட்டாரைப் பத்து நிமிடத்தில் விட்டவர்கள், இதை ஒன்றரை மணிநேரமாகத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி சத்தம் போடவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, செப்புப் பெட்டியை விரலால் காட்டி, சிங்களத்தில் நிதானமாகக் கேட்டார். எல்லாவற்றையும் தெரிகிற மாதிரிச் செய்தவன், இதை மட்டும் ஏன் மூடினாய்?

என் சிங்களம் கடைச் சிங்களம். "சத்தே நவத்தன்ன, மாத்தயா" என்றேன். சத்தத்தை நிறுத்த, ஐயா என்று அர்த்தம்.

எந்தச் சத்தம் என்று கேட்டார். அந்த மேசையில் எந்தச் சத்தமும் இல்லை. ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் அந்த இரைச்சலைக் கேட்க வைக்கவும் முடியாது. இல்லாத சத்தத்தை மறைக்க இருக்கிற பெட்டி என்று நானே சொல்லிவிட்டதுபோல ஆயிற்று. ஜெரோம் நல்ல சிங்களத்தில் விளங்கப்படுத்த வாயெடுத்தான். அவனை இருக்கச் சொன்னார்கள்.

கடைசியில் என்னையே திறக்கச் சொன்னார்கள். எல்லோரும் இன்னும் பின்னால் போனார்கள். நான் செய்த கிட்டார், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கடைசி ஸ்க்ரூவைக் கழற்றும்போது எனக்கே சந்தேகம் வந்தது. இதை இன்றைக்கும் யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

அதிகாரி பற்றரியையும் வயர்களையும் பார்த்தார். தாளைச் சுரண்டிப் பார்த்தார். போகலாம் என்றார். மணி ஒன்று. கல்கிசையில் சூப் பரிமாறி முடிந்திருக்கும்.

4. இரைச்சல்

திங்கட்கிழமை நான் கல்கிசைக்குப் போய் பாண்ட் லீடரைப் பார்த்தேன். ஜெரோமில் பிழையில்லை, என் பழக்கத்தில்தான் பிழை என்று சொன்னேன். அவருக்கு அரைவாசி விளங்கியது. இன்னும் ஒரு ஞாயிறு தருவதாகச் சொன்னார்.

கடைக்கு ஜெரோம் வந்து நின்றான்.

"அந்தச் செப்பக் கழட்டிடுங்க அண்ணே."

"கழட்டினா இரைஞ்சு கொண்டிருக்குமடா தம்பி. அது கிட்டாரே இல்ல."

"இரையட்டும். நேரத்துக்குப் போய் இரையட்டும்."

கழற்றினேன். பல்லைப் பிடுங்கியதுபோல இருந்தது. வயர், பொட், பற்றரி எல்லாம் வெட்டவெளியாகத் தெரிந்தன. அடுத்த ஞாயிறு செக்பொயின்டில் ஒரு நிமிடம்தான் ஆனதாம். சிப்பாய் கிட்டாரைத் தூக்கி, அதற்கூடாக ஜெரோமின் முகத்தைப் பார்த்துவிட்டு, போகச் சொன்னானாம்.

ஹோட்டலில் இரைந்தது. நான் சொன்னபடியே இரைந்தது. லீடர் திரும்பி முறைத்தாராம். ஜெரோம் பதறிப்போய் இப்படியும் அப்படியும் திரும்பியிருக்கிறான். வலப்பக்கச் சுவரைப் பார்த்து நின்றபோது இரைச்சல் அடங்கிவிட்டது. ஷீல்டிங் இல்லாத கிட்டார் சில திசையில் அப்படி அடங்கும். அன்றிலிருந்து அவன் சுவரைப் பார்த்தே வாசித்தான். அது ஒரு ஸ்டைல் என்று சாப்பிட வந்தவர்கள் நினைத்தார்கள். லீடரும் பேசாமல் விட்டுவிட்டார். வேலை தங்கியது.

5. இன்னும் விடவில்லையா

சில வாரம் கழித்து ஜெரோம் என்னை அந்தச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். நானும் அவனும் ஒரே பஸ்ஸில் போனோம். என் டூல் பைக்குள் செப்புத் தாள் ஒரு சுருள் வைத்திருந்தேன். ஒரு மூலையிலாவது கொஞ்சம் ஒட்டிவிட மாட்டோமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. போகும்போது கூட்டம், என் பையை யாரும் கவனிக்கவில்லை. ஹோட்டலில் நான் அதை வெளியே எடுத்ததும் ஜெரோம் கிட்டாரைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டான். கண்ணாடிக் கிட்டாரை ஒளிக்க முயன்ற ஒருவனை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவன் சுவரைப் பார்த்து நன்றாக வாசித்தான். இரைச்சல் இல்லை. எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று பிடிபடவில்லை.

பின்னேரம் திரும்பி வரும்போது செக்பொயின்டில் இறங்கினோம். சிப்பாய் ஜெரோமைக் கிட்டாரோடு கண்ட உடனேயே போகச் சொன்னான். பிறகு என் டூல் பையைக் காட்டி, திற என்றான். டப்பா டப்பாவாக எடுத்து வைத்தேன். ஸ்க்ரூ டப்பா, ஈயக் கம்பி டப்பா, ஸ்ட்ரிங் டப்பா. எல்லாவற்றுக்கும் மூடி இருந்தது. பஸ் புறப்பட்டது. ஏறியிருந்த ஜெரோம் கீழே குதித்து, கிட்டாரோடு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

சுருள் வெளியே வந்தபோது அதே அதிகாரி வந்தார். தாளைக் கையில் எடுத்தார், என்னைப் பார்த்தார். நான் "சத்தே" என்று தொடங்குமுன் ஜெரோம் சிங்களத்தில் சொல்லிவிட்டான், அது தன் கிட்டாருக்கு, தான்தான் வேண்டாமென்றதாக.

அதிகாரி சுருளை என்னிடமே திருப்பித் தந்தார். இன்னும் இதை விடவில்லையா என்று கேட்டார்.

கண்ணாடிக் கிட்டார் நல்லதா, கூடாதா என்று இளையவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் வேலைக்கு ஒரு கிட்டார் எடுக்கும்போது, சவுண்ட் எப்படி வேண்டும் என்று கேட்பதற்கு முதல், எந்த வழியால் கொண்டுபோவீர்கள் என்று கேட்கப் பழகிக்கொண்டேன். அதன் பிறகும் ஷீல்டிங் செய்தேன். செய்து முடித்து மூடியைப் பூட்டுமுன், வந்தவரைக் கூப்பிட்டு உள்ளே காட்டிவிட்டுத்தான் பூட்டினேன்.