பத்து நிமிஷப் படம்

போன மாதம் மெட்ரோ ரயிலில் இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே ஈக்காட்டுத்தாங்கலில் இறங்கிவிட்டேன். பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த அவசரம். வயதாகிறது என்றும் வைத்துக்கொள்ளலாம். சரி, கீழே போய் ஆட்டோ பிடிப்போம் என்று படியிறங்கினால் பக்கத்துச் சந்திலிருந்து அந்த வாசனை வந்தது. சூடான இரும்பும், அதன்மேல் விடாமல் ஒழுகும் பால் நிற எண்ணெய்த் தண்ணீரும் கலந்து வருகிற லேத்துப் பட்டறை வாசனை. அந்தப் பக்கத்தில் இன்னும் ஒரு பட்டறையாவது மிச்சம் இருக்கிறது போல. ஆட்டோவை மறந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு வந்து முதுகலை படித்தேன். ஆவணப்படம் எடுக்கக் கற்றுத் தரும் இரண்டு வருடப் படிப்பு. இதை ஊரில் விளக்குவதற்குள் அப்பாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "சினிமாவா?" என்பார்கள். "சினிமா இல்ல, நெசம்மா நடக்கத எடுக்கது" என்பார். "நெசம்மா நடக்கத எதுக்கு எடுக்கணும்? அதான் நடக்குல்லா?" என்று எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் ஒருநாள் கேட்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னிடம் பதில் இருந்தது, கதர்க் குர்தாவும் ஜோல்னாப் பையுமாக அலைந்த எனக்கு அந்த வயதில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இல்லாமல் போனது பேச்சுத் துணைதான்.

வகுப்பில் ஒன்பது பேர். பெண்கள் இருவர், அதில் ஒருத்தி நான். இன்னொருத்தி மைதிலி, மயிலாப்பூர்க்காரி. சாயங்காலம் ஐந்தடித்தால் வீட்டில் தேடுவார்கள் என்று கிளம்பிவிடுவாள். நான் தியாகராய நகரில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். என் அறைத்தோழி வங்கியில் வேலை பார்த்தாள். சனிக்கிழமை மதியமே வேலூருக்கு பஸ் ஏறிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதி முழுக்கச் சாம்பார் ஆறிப்போன வாசனையும் யாரோ துவைக்கும் சத்தமும்தான் இருக்கும். மாலையில் ரங்கநாதன் தெருவுக்குப் போவேன். வாங்குவதற்கு ஒன்றும் கிடையாது. புதுத்துணிக் கஞ்சியும் மல்லிகையும் வியர்வையும் கலந்த அந்த நெரிசலில் யாராவது என் தோளில் இடித்து "நகரும்மா" என்று சொன்னால், இன்றைக்கு ஒருவர் நம்மிடம் பேசிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு திரும்புவேன். சிரிக்காதீர்கள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரே கேமரா. முறை வைத்து எடுத்துப் போக வேண்டும். கடைசி வருடப் படத்துக்கு மற்றவர்கள் கோயில், குளம், மீன்பிடித் துறைமுகம் என்று தலைப்புகளைப் பிடித்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில் என் முறைக்கு வந்த, கேமராவை நிறுத்தும் முக்காலியின் திருகு மரை தேய்ந்துபோயிருந்தது. அதைக் கடைந்து வாங்க ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனேன். "ஒரு மணி நேரம் ஆவும்" என்றார் முதலாளி. எதிரே டீக்கடை. அங்கே போய் உட்கார்ந்தேன்.

ஐந்தரை மணி இருக்கும். பக்கத்து ஏற்றுமதித் துணிக் கம்பெனியின் வாசல் திறந்து பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். அதில் ஒருத்தி மட்டும் பிரிந்து டீக்கடைக்கு வந்தாள். சேலையெல்லாம் நூல் துணுக்கு. அவளுக்காக ஒருவர் காத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் தன் காலி டிபன் டப்பாவைப் பெஞ்சில் வைத்துவிட்டு, அவர் கொண்டுவந்திருந்த தூக்குச் சட்டியைத் திறந்து பார்த்து ஏதோ சொன்னாள். இரண்டு டீ, தொட்டுத் தின்ன இரண்டு பொறை. பத்து நிமிடம். பிறகு அவர் பட்டறைக்குள் போனார், அவள் ஆற்றுப் பாலத்தின் பக்கம் நடந்தாள்.

அடுத்த நாளும் போய்ப் பார்த்தேன். அதே சாவி, அதே டீ. மூன்றாம் நாள் அவளே கேட்டுவிட்டாள்.

"இன்னாம்மா, டெய்லி எங்களையே பாத்துக்கினு கீற? டிவிக்காரங்களா?"

அப்படித்தான் கஸ்தூரி பழக்கமானாள். கணவர் பெயர் தனசேகர். அவளுக்குப் பகல் வேலை, அவருக்குச் சாயங்கால ஷிப்டு. பாலம் தாண்டி ஆற்றோரக் குடிசைகளில் வீடு. அவள் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அவர் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஆறு நாளும் அந்தப் பத்து நிமிடம்தான்; ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் அவர் ஓவர்டைம் என்று பட்டறைக்குப் போய்விடுவார். அதையே படமாக எடுக்கிறேன் என்றதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "இதுல இன்னா கீதுன்னு எடுக்கப் போற?" என்றார் தனசேகர். மொத்தத்தில் அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான் என்று சொல்லலாம்.

ஒரு மாதம் போய்க்கொண்டிருந்தேன். கேமரா என் முறையில் இல்லாத நாட்களிலும் போனேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கஸ்தூரி எனக்கும் சேர்த்து டீ சொல்லி வைப்பாள். "ஊருக்குப் போவலியா? அம்மா தேடாது?" என்று கேட்பாள். தன் பொறையில் பாதியை உடைத்துத் தருவாள். அந்த நகரத்தில் என் வருகையை எதிர்பார்த்து ஒரு கிளாஸ் அதிகம் வைக்கப்பட்டிருந்த இடம் அது ஒன்றுதான். அவர்களுடைய பத்து நிமிடத்தில் நான் எத்தனை நிமிடத்தைத் தின்றேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

கணவரை 'அது' என்றுதான் குறிப்பிடுவாள் கஸ்தூரி. ஒருநாள் கேமராவுக்கு முன்னால் சொன்னாள்: "அதுக்குப் பகல் ஷிப்டு கெடச்சிச்சின்னா, ஒருநாள் சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போவணும். சும்மா குந்திக்கினு இருக்கணும்."

அதற்கடுத்த வாரம், தனசேகர் இல்லாத காலை வேளையில், பட்டறையைப் படமெடுக்கப் போனேன். முதலாளி உற்சாகமாகப் பேசினார். பேச்சோடு பேச்சாக, "சேகரா? கைவேலை சுத்தம். பகல் ஷிப்டுக்கு வாடான்னு ஒரு வர்ஷமா கூப்டுகினு கீறேன். அவன்தான் வேணாம், சாயங்காலமே போதும்ன்றான்" என்றார்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

படத்தொகுப்பு அறை ஜன்னல் இல்லாத சின்ன அறை. இரண்டு டேப் பெட்டிகளும் இரண்டு டிவிகளும் சேர்ந்து எழுப்பும் சூட்டில் பிளாஸ்டிக் வாசனை வரும். கஸ்தூரி பீச் என்கிறாள்; உடனே வெட்டு; முதலாளி, அவன்தான் வேணாம்ன்றான் என்கிறார். இரண்டையும் ஒட்டிப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு, "இதுதாம்மா உன் படம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மைதிலி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வேண்டாம்டி" என்றாள். "அது அவா ஆத்து விஷயம். நீ படத்தைப் போட்டுக் காமிச்சுட்டு ஊருக்குப் போயிடுவே. அவா அங்கேயேதானே இருந்தாகணும்?"

"உண்மையை மறைக்கச் சொல்றியா?" என்றேன். அப்போதெல்லாம் நான் இப்படித்தான் பேசுவேன். இவள் ஏன் இந்தப் படிப்புக்கு வந்தாள் என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டேன். தனசேகரிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தக் காட்சியின் அழகு போய்விடுமோ என்று பயம்.

திரையிடலுக்கு இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். கஸ்தூரி கல்யாணத்துக்குக் கட்டும் சேலை கட்டியிருந்தாள். தனசேகரின் சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி போல நின்றது. தங்களைத் திரையில் பார்த்ததும் அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். அப்புறம் அந்த வெட்டு வந்தது. அரங்கில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். நான் அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தேன். அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

விளக்குப் போட்டபோது தனசேகர் இருக்கையில் இல்லை. வெளியே, கேட்டருகே முதுகைக் காட்டி நின்றிருந்தார். கஸ்தூரி என்னிடம் வந்தாள்.

"நல்லாத்தான் எட்த்துக்கீற. அந்த மொதலாளி சொன்னத இன்னாத்துக்குப் போட்ட?"

"உங்களுக்குத் தெரியாதேன்னுதான்க்கா..."

"எனக்குத் தெரியும்மா. ஒரு வர்ஷமா தெரியும். எனக்குத் தெரியும்னு அதுக்குத்தான் தெரியாம இருந்திச்சி. இப்ப தெரிஞ்சி பூடிச்சி."

அவள் குரலை உயர்த்தவில்லை. கேட் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்திச்சி. நாலு வயசு. ஜொரம். வெளக்கு வெக்கற நேரத்துலதான் பூடிச்சி. அந்த நேரத்துல அந்தாளால வூட்ல இருக்க முடியாது. அது சொல்லாது, நான் கேக்க மாட்டேன். அப்டியே ஓட்டிக்கினு இருந்தோம்."

அவ்வளவுதான். போய்விட்டாள். விடுதிக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது: அந்த நேரத்தில் தினமும் சாவியை வாங்கிக்கொண்டு தனியாக அந்த வீட்டுக்குப் போனவள் அவள். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவர்கள் வீட்டுக்குள் படமெடுத்த அன்று சுவரில் ஆணியில் ஒரு சின்னச் சிவப்புக் கவுன் தொங்கியது. அந்தக் கேமராவில் சிவப்பு நிறம் கசிந்து பரவும். "அக்கா, அதைக் கொஞ்சம் எடுத்துடுங்களேன்" என்றேன். அவள் எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். யாருடையது என்று நான் கேட்கவில்லை.

மதிப்பெண் வந்தது, வகுப்பிலேயே அதிகம். அதைச் சொல்ல யாரும் இல்லாமல் அன்றைக்கு மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் வெகுநேரம் நின்று போகிற ரயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதிலியிடம் சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்க டீக்கடைக்குப் போனேன். "சேகரு பகல் ஷிப்டுக்கு மாறிட்டாரும்மா. இப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறாங்கோ" என்றார் டீக்கடைக்காரர். சொன்னபடியே வந்தார்கள். அவர் முன்னால், அவள் நாலடி பின்னால். டீக்கு நிற்கவில்லை. பாலத்துக்குத் திரும்பும் இடத்தில் அவர் நடையைக் குறைத்தார். அவள் பக்கத்தில் வந்து சேர்ந்ததும் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள், வீட்டுக்குப் போகும் வழி மறந்துவிட்டது போல. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பிறகு நடந்தார்கள். நான் கூப்பிடவில்லை.

படிப்பு முடிந்து வேறு ஊர்களில் வேலை பார்த்துவிட்டுப் பல வருடம் கழித்துத் திரும்பி வந்தேன். ஆற்றோரக் குடிசைகளை அகற்றி எல்லோரையும் நகரத்துக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய்விட்டிருந்தார்கள். கம்பிவேலியும் புல்லும்தான் இருந்தன. துணிக் கம்பெனி இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். டீக்கடை இருந்த இடத்தில் மெட்ரோவின் தூண். என்னிடமிருந்த அந்தப் படத்தின் டேப்பை, மயிலாப்பூரில் பழைய கல்யாண கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும் ஒருவரிடம் கொடுத்தேன். பூஞ்சை பிடித்துவிட்டது, ஒன்றும் வராது என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் குழந்தையின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கஸ்தூரி என் எதிரில்தான் நின்றாள், ஒரு வார்த்தைதான், கேட்டிருக்கலாம். அந்தப் பெயரைச் சொல்லக்கூடிய இரண்டு பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.