கல்யாண விசாரிப்புக்கு வந்தவர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மராத்திக்காரர் ஊரான நிக்டியில் எங்கள் வீட்டு மணி அடித்தது. வாசலில் ஒரு தமிழர். கையில் இந்த ஊர்க் காரப் பலகாரமான பாகர்வடிப் பொட்டலம், முகத்தில் கல்யாணக் கவலை. பக்கத்துப் போசரியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாம்.

"பொண்ணுக்கு ஒரு இடம் வந்திருக்கு மேடம். பையன் உங்க ஏரியாவுல வளர்ந்தவன். இங்க தமிழ்க் குடும்பம் எல்லாரையும் உங்களுக்குத் தெரியும்னாங்க. பையன் எப்படி?"

பெயரைச் சொன்னார். எனக்குப் பகீரென்றது.

சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் போர்டில் நான் சில வருடம் உறுப்பினராக இருந்திருக்கிறேன். அந்தப் பையனை முதலில் பார்த்தது அங்கேதான் — மீசை அரும்பாத வயசில். என்ன செய்தான்? சொல்ல மாட்டேன். அந்த விவரம் வெளியே போகக் கூடாது, பிற்காலத்தில் அவன் பிழைப்புக்குக் குறுக்கே வரக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதை எழுதியவர்கள் நம்மவர்களின் கல்யாண விசாரிப்பை யோசித்த மாதிரி தெரியவில்லை...

"எனக்குத் தெரியாதுங்களே" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. கல்யாண விசாரிப்பில் யாராவது தெரியாது என்று சொல்வார்களா? அப்படிச் சொன்னாலே, ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள் என்றுதானே எடுத்துக்கொள்வோம்? நான் வாயை மூடியே ஒரு நல்ல சம்பந்தத்தைக் கெடுத்துவிடுவேன் போலிருந்தது.

போதாததற்கு, டீ கொண்டுவந்த என் வீட்டுக்காரர் வேறு. "இவளுக்குத் தெரியாத தமிழ்ப் பையனா? பால் பாக்கெட் போடறவன் ஜாதகம்கூட இவளுக்கு அத்துப்படி" என்றார். அவரை முறைத்தேன். மனுஷருக்குப் புரிந்தால்தானே.

"சார், யாரைப் பத்திக் கேட்டாலும் என் பதில் இதுதான். இப்ப அவன் வேலை பார்க்கிற இடத்துல கேளுங்க. உங்க பொண்ணை அவனோட பேசவிடுங்க. அது போதும்."

அவர் டீயை ஆற்றிக் குடித்தார். பிறகு சிரித்தார்.

"பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே பையன் எல்லாத்தையும் சொல்லிட்டான் மேடம். போர்டு, நீங்க அங்க இருந்தது, எல்லாமே. பொண்ணுக்குச் சம்மதம். எனக்கும் பையனைப் பிடிச்சிருக்கு. ஒரே பயம்... நாளைக்கு நாலு பேர் வாய்ல விழுந்துட்டா? அதான் நேரா இங்க வந்தேன். நீங்க நிறையப் பேசறவங்கன்னு கேள்வி. உங்க வாய்லேர்ந்தே வரலைன்னா, இனிமே வேற எங்கேர்ந்து வரப்போகுது?"

இது பாராட்டா, திட்டா? தெரியவில்லை. ஆனால் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பாகர்வடி காரம் என்று சமாளித்தேன்.

அவர் போனதும் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அப்படி என்னதான் பண்ணினான்?"

"யாரு?" என்றேன்.

அந்தப் பையன் யாரென்று நீங்களும் தேடாதீர்கள். வந்தவர் போசரிக்காரர் இல்லை, பையன் எங்கள் ஏரியா இல்லை, அன்று ஞாயிற்றுக்கிழமையும் இல்லை — பாகர்வடி மட்டும்தான் நிஜம்.