வலப்பக்கம் திரும்பினால் மட்டும் ஒரு முனகல்

போன வருடம் சித்திரை வெயிலில் நடந்தது. ஊர் வல்வெட்டித்துறை. நான் கடல் தொழில் செய்பவன். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. தெரிந்த மாதிரிச் சொல்கிறேன்.

மகளுக்கு மாதம் நெருங்கியிருந்தது. மருமகனுக்குக் கொழும்பில் வேலை. பிரசவத்தை யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எந்த நேரமும் புறப்பட வேண்டி வரலாம். அதற்கு இருந்தது என்னுடைய பழைய கார் மட்டும்தான்.

ஒருநாள் பருத்தித்துறையில் கிளினிக் முடிந்து வந்தோம். எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் வலப்பக்கம் திரும்பும்போது மகள் காலடியைக் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, உதுக்குள்ளை என்னவோ முனகுது. பிறகு டக்கெண்டுது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காலமெல்லாம் படகு மோட்டருக்குப் பக்கத்தில் இருந்த காது.

"உனக்கு இப்ப எல்லாம் கேக்கும்" என்றேன்.

"என்ரை பாரம் தாங்கேலாமல் கார் அழுகுதாக்கும்" என்று சிரித்தாள்.

படகில் மரம் முனகினால் எண்ணெய் விடுவோம். பழக்கம். முன் சில்லுக்குள், சக்கரத்துக்குப் பின்னால் கை எட்டின இடமெல்லாம் எண்ணெய் விட்டேன். சத்தம் நின்றுவிட்டது என்றாள் மகள். அடுத்த கிழமை கிளினிக் போனபோது திரும்பவும் வந்துவிட்டது என்றாள்.

கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் என்னைவிட இளைய ஆள். காரைத் தனியே ஓட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் திருப்பினார், இந்தப் பக்கம் திருப்பினார். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கிச் சில்லை ஆட்டினார்.

"அண்ணை, ஒரு சத்தமும் இல்லை. ஆருக்குக் கேட்டது?"

"மகளுக்கு."

"பிள்ளைத்தாச்சி பயத்திலை சொல்லியிருப்பா. கொண்டு போங்கோ."

கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் மனம் கேட்கவில்லை. அவள் பயந்தவள் இல்லை. அவள் இருந்தால் சத்தம் வருகிறது. மெக்கானிக் தனியே ஓட்டினால் வரவில்லை. ஏன்?

அப்போதுதான் படகு நினைவுக்கு வந்தது. சில படகுகள் வெறுமனே நின்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்காது. ஒரு பக்கம் பாரம் ஏற்றினால்தான் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். மகள் இருப்பது முன்னால், இடப்பக்கம். வலப்பக்கம் திரும்பினால் காரின் பாரமும் அந்தப் பக்கம்தான் சாயும்.

அன்று பின்னேரம் வலை காயப்போடும் வெளிக்குக் காரைக் கொண்டுபோனேன். மகள் ஓரமாகக் கதிரை போட்டு இருந்தாள். சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னேன். முதலில் வெறும் காரை வளைத்தேன். கை எழும்பவில்லை. பிறகு இரண்டு சாக்கில் மணல் கட்டி அவள் இருக்கிற சீட்டில் வைத்தேன். இடப்பக்கம் வளைத்தேன். ஒன்றுமில்லை. வலப்பக்கம் வளைத்தேன்.

கை எழும்பியது.

காரை நிற்பாட்டிச் சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்தேன். மகளை ஸ்டியரிங்கில் இருத்தினேன். வயிறு முட்டியது. சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுத்தேன்.

"மெல்லத் திருப்பு. நான் சொன்னால் நிப்பாட்டு."

இடப்பக்க முன் சில்லுக்குப் பின்னால் கையை விட்டேன். என் காதுக்கு எட்டாததைக் கை பிடிக்கும். சுருள் கம்பியில் கை வைத்தேன். ஒன்றுமில்லை. ஸ்டியரிங் தண்டில் வைத்தேன். அங்கேயும் இல்லை. கடைசியாகக் கீழே, சில்லைத் தாங்கும் குண்டு மூட்டில் உள்ளங்கையை வைத்தேன். உள்ளே ஏதோ உரசி, உதறி, கையில் தட்டியது.

"இஞ்சைதான்" என்றேன்.

"இப்ப நம்புறியளோ?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் மணல் சாக்கோடு கராஜுக்குப் போனேன். மெல்லத்தான் ஓட்டினேன். மெக்கானிக் சீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"கடலுக்குப் போற ஆள் இண்டைக்கு மண்ணோடை வந்திருக்கிறார்."

"ஏறி ஓட்டிப் பார் தம்பி."

ஒருமுறைதான் வளைத்தார். சிரிப்பு நின்றது. இறங்கி மூட்டைக் கழற்றினார். மேலே மூடியிருந்த றப்பர் கிழிந்திருந்தது. உள்ளே உப்பும் கடற்கரை மணலும். குண்டு அதன் குழிக்குள் நிற்காமல் அவர் கையில் கழன்று விழுந்தது.

"அண்ணை, உது ஓட்டத்திலை கழண்டிருந்தா சில்லு படுத்திருக்கும்."

கிழிந்த றப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நான் விட்ட எண்ணெய் சத்தத்தைத்தான் நிறுத்தியிருந்தது. தேய்வு தன்பாட்டில் நடந்திருக்கிறது. இரண்டு பக்கமும் புது மூட்டுப் போட்டார். "மகளிட்டைச் சொல்லுங்கோ, எனக்குக் காது மந்தமெண்டு" என்றார்.

சில நாளில் மகளுக்கு வலி வந்தது. மத்தியானம். மனைவி பின்னால் பையோடு ஏறினாள். மகள் தன் வழக்கமான சீட்டில் இருந்தாள். உடுப்பிட்டி தாண்டிப் பெரிய றோட்டில் ஏற வலப்பக்கம் திரும்பினேன். ஒரு முனகல் கேட்டது. இந்த முறை எனக்கே கேட்டது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"காரோ பிள்ளை?"

"இல்லையப்பா, நான்தான். நீங்கள் ஓடுங்கோ."

ஆளில்லாத அந்த வல்லை வெளியை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. கார் ஒரு சத்தமும் போடவில்லை. பொழுதுபட முன்னம் பேத்தி பிறந்தாள்.

இப்போதும் வலப்பக்கம் திரும்பும்போது பேச்சை நிறுத்திவிடுவேன். பக்கத்தில் யார் இருந்தாலும் ஏதும் கேட்கிறதா என்று கேட்பேன். கேட்கிறது என்று சொன்னால், எனக்குக் கேட்காவிட்டாலும், ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவேன்.