குஞ்சம்மாள் இடப்பக்கம் ஓடிய கதை

கரமனையில் பிறந்து கரமனையிலேயே வாழ்க்கைப்பட்ட ஆர்யா, சென்ற ஓணத்துக்கு முந்தைய திங்கட்கிழமை காலையில் கணினியின் விசை ஒன்றை அழுத்தினாள். திரையில், முப்பத்திரண்டு புள்ளி உயரமே உள்ள ஒரு மாமி மடிசார்ப் புடவையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஓடிவந்து, ஒரு மழைக்குட்டையைத் தாண்டிக் குதித்தாள். கால் தரையில் ஊன்றியதும் அவளுடைய கொண்டை ஒரே ஒரு புள்ளி கீழே அமுங்கி மறுபடி எழுந்தது. அந்த ஒரு புள்ளி அசைந்ததில்தான் மாமிக்கு எடை வந்தது, உயிர் வந்தது. ஆர்யாவும் நாற்காலியை விட்டு எழுந்து ஒருமுறை குதித்ததாக அவள் கணவர் மகாதேவன் கூறுகிறார். அவள் அதை மறுக்கவில்லை.

ஆர்யா வணிகவியல் படித்தவள். பழவங்காடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தாள். பழைய காலத்து வீடியோ கேம்களில் வருவது போன்ற சதுரப் புள்ளி உருவங்களை அசைய வைக்கும் வித்தையை இணையத்தில் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். பின்னர் அந்த வேலையை விட்டுவிட்டு, கல்லூரித் தோழன் ஸ்ரீஜித் நடத்தும் சிறிய கேம் நிறுவனத்தில் சேர்ந்தாள். அங்கே அவள் முதலில் அசைத்தவை சுழலும் நாணயம், மிதக்கும் மேகம், மின்கம்பியில் அமர்ந்து தலையைத் திருப்பும் காக்கை ஆகியவை மட்டுமே. கதாநாயகி ஒருத்தியை வரையும் வாய்ப்பு இப்போதுதான் வந்தது. வெள்ளம் புகுந்த தெருக்களில் வீடு வீடாகத் தாவி, சிக்கிக்கொண்டவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் அந்த மாமிக்குக் குஞ்சம்மாள் என்று அவளே பெயர் வைத்தாள். ஓணக் கண்காட்சியில் இந்தக் கேமைப் பொதுமக்கள் முதன்முதலாக விளையாட இருந்தார்கள்.

மகிழ்ச்சி தாங்காமல் குஞ்சம்மாள் அங்கும் இங்கும் ஓடுவதை வீடியோவாக்கி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். சற்று நேரத்தில் ஸ்ரீவராகத்திலிருந்து அவளுடைய அண்ணன் மனைவி கோமதி அழைத்தாள்.

"ஆர்யா, உன் மாமி நன்னா ஓடறா. ஒரு சந்தேகமாக்கும்."

"என்ன மன்னி?"

"போறச்சே ஐயராத்து மாமி. திரும்பி வரச்சே ஐயங்காராத்து மாமி. நடுவுல குட்டையில விழுந்து மாறிட்டாளோ?"

ஆர்யா வாய்விட்டுச் சிரித்தாள். திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஐயர் வீடுகளில் மடிசாரின் தலைப்பு வலத் தோளில் விழும். ஐயங்கார் வீடுகளில் இடத் தோளில் விழும். இத்தகைய கேம்களில் உருவத்தை வலப்பக்கம் பார்த்தபடி மட்டுமே வரைவார்கள். அது இடப்பக்கம் திரும்பும்போது, கண்ணாடியில் தெரிவதைப் போல அதே படத்தைக் கணினி புரட்டிக் காட்டும். படம் புரண்டபோது தலைப்பும் தோள் மாறியிருந்தது.

உடனே ஸ்ரீஜித்தை அழைத்தாள். அவன் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து இந்நகரில் வளர்ந்தவன். மடிசாரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"எடி, அதை ஆரு பாக்கப்போறா? பொம்மையே கட்டைவிரல் அளவுதான் இருக்கு."

"எங்க மன்னி பாத்துட்டாளே."

"அது உங்க மன்னி ஒருத்தி."

"கரமனையும் ஸ்ரீவராகமும் முழுக்க மன்னிகள்தான் ஸ்ரீஜித். அத்தனை பேரும் ஓணத்துக்குக் கண்காட்சி பாக்க வருவா."

அவன் பெருமூச்சு விட்டான். பழைய கேம் கருவிகளில் அடங்கும் அளவுக்கு மேல் ஒரு படமும் சேர்ப்பதில்லை என்பது அவன் தனக்கே விதித்துக்கொண்ட சட்டம். எல்லா உருவங்களும் ஒரே படத்தாளில் அடங்கவேண்டும். அந்தத் தாளோ ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

"இடப்பக்கத்துக்குத் தனியா வரைஞ்சா அதை எங்க வைக்க? வெள்ளியாழ்ச்ச சாயங்காலம் கேமைப் பூட்டிருவேன். அதுக்குள்ள செரியாகல்லன்னா நிக்கர் பையனைப் போட்டுருவேன், கேட்டியா. அவனை எந்தப் பக்கம் திருப்புனாலும் ஒண்ணுதான்."

நிக்கர் பையன் என்பது முன்பே வேறொருவர் வரைந்து வைத்திருந்த மாற்று நாயகன். அவன் உள்ளே வந்தால் குஞ்சம்மாள் வெளியே போவாள்.

ஆர்யா அன்று முழுவதும் இடப்பக்கக் குஞ்சம்மாளை வரைந்து வரைந்து அழித்தாள். எத்தனையோ விசேஷங்களுக்கு மடிசார் கட்டிக்கொண்டவள்தான். ஆனால் தான் ஓடும்போது இடப்பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்பதை அவள் கண்டதில்லை. கல்யாண ஆல்பத்தில்கூட எல்லாரும் நேராகவே நின்றார்கள்.

புதன்கிழமை காலை, மழை விட்டதும் மடிசார் உடுத்தி, தலைப்பை இடுப்பில் செருகாமல் விட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். மகாதேவன் செல்பேசியோடு எதிரே நின்றார். அவள் ஓடினாள், திரும்பினாள், மறுபடி ஓடினாள். எதிர் வீட்டுத் தாணுமாலையன் வாசலுக்கு வந்தார்.

"என்னடா மகாதேவா, பொண்டாட்டியை ஓட விட்டு வீடியோ எடுக்கறாய்?"

"கம்ப்யூட்டர் வேலை மாமா."

"இதா? என் பிள்ளை பெங்களூர்ல இதை உக்காந்துண்டுன்னா பண்றான்."

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ," என்றாள் ஆர்யா. "இந்தக் குட்டையைத் தாண்டணும்."

தாண்டினாள். தண்ணீர் அவர் வேட்டியில் தெறித்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "எடுத்தாச்சோ?" என்று கேட்டார்.

"எடுத்தாச்சு மாமா."

"அப்போ சரி. இன்னொரு தடவை வேண்டாம்."

புடவையை மாற்றிக்கொள்ளவும் பொறுமையின்றி ஆர்யா அந்த வீடியோவை ஒவ்வொரு காட்சியாக நகர்த்திப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே, குஞ்சம்மாளின் சிறிய அளவுக்கு, இரு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. மேலே மட்டும்தான் வேறு. இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் தோளை மூடும் துணி இல்லை; ரவிக்கைக் கை தனி நிறமாகத் தெரிந்தது. தலைப்பு முதுகுக்குப் பின்னால், உடம்பைவிட ஒரு கணம் தாமதமாக எழுந்து படபடத்தது. இதைத்தான் அவள் கற்பனையில் தேடித் தேடித் தோற்றிருந்தாள். முழு உருவம் தேவையில்லை, கீழ்ப்பாதியைப் புரட்டிக்கொண்டு, ஓட்டத்துக்குத் தலையும் மார்பும் அடங்கிய ஆறு சிறு துண்டுகள் வரைந்தால் போதும் என்று புரிந்ததும் உடனே வரையத் தொடங்கினாள். தாளில் இடம் வேண்டி, தான் முதன்முதலில் அசைத்த மேகங்களில் ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை அழித்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஸ்ரீஜித் அந்தத் துண்டுகளைப் பொருத்தி, குஞ்சம்மாளை இடப்பக்கம் ஓடவிட்டான். மறுபடி ஓடவிட்டான். ஆர்யா அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"எடி, இது வலப்பக்கத்தைவிட நல்லா இருக்கே."

"அப்போ நிக்கர் பையன்?"

"அவன் வீட்டுக்குப் போகட்டும்."

கண்காட்சியில் முதலில் வந்து கருவியைக் கையில் வாங்கியவள் கோமதி. வழியைப் பற்றிக் கவலைப்படாமல், குஞ்சம்மாளை நின்ற இடத்திலேயே இப்படியும் அப்படியும் திருப்பிச் சோதித்தாள். "ஐயராத்து மாமியேதான்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே குஞ்சம்மாளை வெள்ளத்தில் தள்ளினாள். அவளுக்குப் பின் வந்தவர்கள் தோளையும் தலைப்பையும் கவனித்தார்களா என்பது தெரியவில்லை. ஆனால் தலைப்பு பறக்கும் அழகைப் பார்க்க, ஆட்டம் தொடங்கியதும் எல்லாரும் இடப்பக்கமே ஓடினார்கள். மாலைக்குள் ஸ்ரீஜித்துக்குப் பொறுமை போய்விட்டது.

"வழி இருக்கது வலப்பக்கம். இடப்பக்கம் ஒரு மதில் மட்டும்தான் இருக்கு. எல்லாரும் போய் முட்டிட்டு நிக்குதாங்க. எதாவது பண்ணு ஆர்யா."

அவள் அதற்கு முன்பே அவர்களுடைய கண்காட்சிக் கடையின் பின்புறத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். தாளில் இருந்த படங்களையே புது வரிசையில் அடுக்கினாள். மதில் நின்ற இடத்தில் படிக்கட்டு இறங்கியது. மறுநாள் கண்காட்சி திறந்தபோது, திரையின் இடப்பக்கத்தில் கரமனை ஆறு ஓடிக்கொண்டிருந்தது.