பாஸ்வேர்டைச் சேமிக்காத கடை

பரவை மார்க்கெட்டுக்கு எதிரே ஆறு கம்ப்யூட்டர் போட்டு சென்டர் நடத்தும் யூனுஸ் பாயிடம் ஒரு கெட்ட குணமும் கிடையாது, நாணயத்தைத் தவிர. அது மட்டும் அவரிடம் கொஞ்சம் அதிகம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், பட்டா மாறுதலுக்கு மனுப் போட மொக்கையன் வந்தார். கம்ப்யூட்டர் என்ன கேட்டாலும் 'சரி' என்று அமுக்குகிற ரகம். 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா?' என்று பிரவுசர் கேட்டது, அதற்கும் சரி. மறுநாள் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் சோலை. மொக்கையனோடு வரப்புத் தகராறில் இருக்கும் பங்காளி. அவர் நாலு தட்டுத் தட்டியதும் மொக்கையனின் மனு, கையெழுத்து, பத்திர நகல் எல்லாம் திரையில் விரிந்தன. சோலை நிதானமாகப் படித்து, பிரிண்ட் வேறு எடுத்துக்கொண்டு போனார். பிறகு இரண்டு தரப்பும் கடை வாசலில் நின்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அன்றைக்கே யூனுஸ் பாய் ஆறு கம்ப்யூட்டரிலும் செட்டிங்ஸுக்குள் போய், பிரவுசர் அந்தக் கேள்வியைக் கேட்காதபடி அணைத்தார். ஏற்கெனவே சேர்ந்து கிடந்த பாஸ்வேர்டுகளையும் அழித்தார். 'இங்கே உங்கள் பாஸ்வேர்டு சேமிக்கப்படாது' என்று அட்டையில் எழுதி ஒட்டினார்.

கம்ப்யூட்டர் மறந்தது. ஜனங்கள் அதற்கு முன்பே மறந்திருந்தார்கள். ஆகவே ஞாபகம் வைக்கிற வேலை யூனுஸ் பாய் தலையில் விழுந்தது. வருகிறவர்கள் பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்வார்கள், அவர் தட்டுவார். அடுத்த முறை வந்து, "போன தடவ என்னமோ போட்டீகளே பாய், அதையே போடுங்க" என்பார்கள். அதையும் தட்டுவார். காகிதத்தில் எழுதி வைப்பது தப்பு என்பதால் எல்லாம் மண்டைக்குள்தான். காளை என்கிற வாடிக்கைக்காரர் பஸ்ஸில் நின்றுகொண்டு போன் போட்டுக் கேட்பார். சின்னத்தாய் ஒரு தடவை கல்யாணப் பந்தியில் இருந்து கேட்டார்.

பாஸ்வேர்டு என்பது பெரும்பாலும் ஒரு பெயர். மகள் பெயர், குலசாமி பெயர், செத்துப்போன உழவு மாட்டின் பெயர். சிலருக்கு, அவர்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத பெயர். அப்படி ஒன்றைத் தட்டும்போது யூனுஸ் பாய் சொன்னவர் முகத்தைப் பார்க்கமாட்டார். வெளியே ஒரு வார்த்தை விட்டதும் இல்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அந்தப் பெருமைக்கு இந்த வருஷம் சோதனை வந்தது. மகள் நுஸைபாவுக்கு ஒரு வரன். மாப்பிள்ளை முபீன், அத்தாவோடு சேர்ந்து டவுனில் பாத்திரக்கடை நடத்துகிறவன். பார்த்துவிட்டுப் போன அன்றே நுஸைபா அம்மாவிடம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். யூனுஸ் பாய் மட்டும் டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டார். மூன்று மாதத்துக்கு முன்னால், போன் உடைந்துபோய், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க அவர் கடைக்கு வந்தவன் இவன்தான். பாஸ்வேர்டைக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: தாமரைச்செல்வி, அதற்குப் பின்னால் மூன்று எண்.

பாவம், மனுஷன் பத்து நாள் பட்ட பாடு. சொன்னால் கடை நாணயம் போச்சு. சொல்லாவிட்டால் மகள் வாழ்க்கை. ஜாதகம் பார்க்கிற வீடாக இருந்தால் பொருத்தம் இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த வசதியும் இல்லை. அவர்கள் பாத்திரக்கடை சந்துக்குள் இருக்கிறது என்று சாக்குச் சொன்னார். பையன் ஒல்லி என்றார். நுஸைபா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். பையன் வீட்டில் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம், கோச்சடை வீட்டில், மனைவி பக்ருன்னிசா அறைக் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். விஷயத்தைச் சொல்லாமல் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்துபோயிற்று. யூனுஸ் பாய் தன் ஆயுளில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை இன்னொருவரிடம் சொன்னார்.

பக்ருன்னிசா அதிரவில்லை.

"இம்புட்டுத்தானா?" என்றார். "கடையில ஆறு பொட்டியிலயும் அணைச்சீங்க. நம்ம வீட்டு லேப்டாப்புல அணைச்சீங்களா?"

யூனுஸ் பாய் யோசித்தார். அணைக்கவில்லை.

"கரண்டு பில்லுக்கு நீங்க போட்ட பாஸ்வேர்ட அது அப்படியே சேத்து வச்சிருக்கு. அதப் பாத்துத்தான் நாலு வருசமா என் போன்ல தட்டுறேன். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அந்தப் பேரத் தட்டித்தான் இந்த வீட்டுல லைட்டு எரியுது."

அந்தப் பெயர் சனோபர். கல்யாணத்துக்கு முன்னால், காலேஜுக்கு ஒரே பஸ்ஸில் வந்த பெண். இருவரும் பேசிக்கொண்டது மொத்தம் பத்து வார்த்தை தேறாது. இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூட யூனுஸ் பாய்க்குத் தெரியாது. இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தவரை பக்ருன்னிசா கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாருன்னு நான் ஒரு வார்த்த கேட்டேனா?"

"இல்ல."

"குடும்பம் நடக்குதா இல்லயா?"

அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, நாலு வருஷம் இவள் இதைத் தனியாக மனசில் வைத்துக்கொண்டு சோறு போட்டாளே என்ற நினைப்புதான் பெரிதாக இருந்தது. போனை எடுத்து முபீனின் அத்தாவைக் கூப்பிட்டு, எங்களுக்குச் சம்மதம் என்றார். அடுத்த அறையில் நுஸைபா எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

பிறகு மேஜைமேல் இருந்த லேப்டாப்பைத் திறந்தார்.

"இத இப்பவே மாத்திடுறேன்" என்றார், தலை நிமிராமல்.

"வேணாங்க" என்றார் பக்ருன்னிசா. "எனக்குப் பழகிப்போச்சு."