கபோமாருவுக்குள் யாரும் இல்லை

இல்லாத ஒருவர் மயங்கி விழ முடியுமா? குசாகாபே தோமோயே ஒன்பது வருடம் இந்தக் கேள்விக்குள்தான் வாழ்ந்தாள். ஆகஸ்ட் திருவிழா வரை யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மிசாவரா நகராட்சியின் சுற்றுலாப் பிரிவில் அவள் தற்காலிக ஊழியை. பரங்கிக்காய் உடம்பும் வாத்துக் காலுமாக ஊரின் செல்லச் சின்னமான கபோமாரு எங்கே ஆடினாலும் அந்தப் பொம்மை உடுப்புக்குள் ஆடியது அவள்தான். ஆனால் உள்ளே ஆள் உண்டு என்று யாரும் சொல்லக் கூடாது. கபோமாரு பேசாது, பக்கத்தில் நடக்கும் சக ஊழியை எமிதான் அதற்காகப் பேசுவாள். ஒருமுறை தோமோயேயின் மாமியாரே கபோமாருவைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு வந்து, "நீயும் வந்திருக்கலாம்" என்று குறைபட்டாள். தோமோயே வாய் திறக்கவில்லை. அந்த விதியை அவளைப் போலக் காத்தவர்கள் இல்லை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து, நின்று, பிறகு துள்ளும் கபோமாருவின் நடைகூட அவள் உண்டாக்கியதுதான்.

உடுப்புக்குள் இருபது நிமிடம்தான் இருக்கலாம். அன்று வெயில் முப்பத்தேழு டிகிரி. மேயரோடு படம் எடுக்கும் வரிசை ஐம்பது நிமிடத்தைத் தாண்டியது. தோமோயே வயிற்றை இரண்டு முறை தட்டினாள். வெளியே வர வேண்டும் என்பதற்கான சைகை அது. எமி போய்ச் சொன்னாள். "இன்னும் ரெண்டே படம்" என்று சிரித்தார் பிரிவுத் தலைவர் ஒகிட்சு.

அவள் விழுந்தாள். முதலில் வந்தது அவளை மறைக்க ஒரு திரை. தண்ணீர் பிறகுதான் வந்தது. ஒலிபெருக்கியில் ஒகிட்சுவின் குரல்: "கபோமாருவுக்குத் தூக்கம் வந்துடுச்சு. எல்லாரும் தாலாட்டு பாடலாமா?" முந்நூறு குழந்தைகள் பாடினார்கள். நினைவு தப்பும்வரை அவள் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பியபோது விபத்து அறிக்கை தயாராக இருந்தது. சேதம்: உடுப்பின் இடது கண். காயமடைந்தவர்: இல்லை.

"ஒகிட்சு சார், இதுல நான் எங்க இருக்கேன்?"

"நீங்கதான் நல்லாயிட்டீங்களே, குசாகாபே-சான். உள்ள ஆள் இருந்தாங்கன்னு எழுதினா குழந்தைங்க மனசு என்ன ஆகும்?"

"அறிக்கையைக் குழந்தைங்களா படிக்கிறாங்க?"

"மேயர் படிப்பாரு" என்றாள் எமி. "அவரும் கிட்டத்தட்ட அப்படித்தான்."

"நீங்க சும்மா இருங்க, எமி-சான்."

"துணிக் கண்ணுக்கு ஒரு வரி எழுதியிருக்கீங்க, சார்" என்றாள் தோமோயே. "எனக்கும் ஒரு வரி எழுதுங்க. அதுவரைக்கும் நான் அந்த உடுப்பை மாட்ட மாட்டேன்."

குழந்தைகளுக்காகப் பிறந்த பொய் அது. அதில் ஒரு மென்மை இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் பெரியவர்கள் அதற்குப் பின்னால் ஒளியக் கற்றுக்கொண்டபோதே அது அழுகிவிட்டது. ஒருத்தியின் மூச்சைவிடக் கற்பனை ஒன்றின் மானம் பெரிதென்று ஓர் அலுவலகமே கூடி முடிவுசெய்திருந்தது. அதுவும் புன்னகை மாறாமல்.

அக்டோபர் அறுவடை விழாவில் வேறொருவர் உடுப்பை மாட்டினார். இரண்டு காலையும் நேராக வைத்து நடந்தார். முன்வரிசையில் ஒரு சிறுமி, "இது கபோமாரு இல்ல" என்று அழ ஆரம்பித்தாள். அது வரிசை முழுக்கப் பரவியது. பெற்றோர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. அவள் மயக்கம் அசைக்காத நகராட்சியை அந்தக் கடிதங்கள் அசைத்தன. இதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

நவம்பரில் ஒகிட்சு அவளைக் கூப்பிட்டு அறிக்கையை எடுத்தார். 'இல்லை' என்ற சொல்லின் மேல் இரண்டு கோடு இழுத்து, திருத்தியதற்கு அடையாளமாக, அங்கே கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் பெயர் முத்திரையைக் குத்தி, பக்கத்தில் 'ஒருவர்' என்று எழுதினார். பிறகு தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"பேரை நீங்களே எழுதிடுங்க. கீழ உங்க முத்திரை."

தோமோயே நிதானமாக எழுதினாள். எமி எட்டிப் பார்த்தாள். பெயருக்கான கட்டத்தில் 'கபோமாரு' என்று இருந்தது. அதன் கீழே, குசாகாபே என்று குடும்பப் பெயர் பொறித்த தன் முத்திரையை அவள் அழுத்திப் பதித்தாள்.

"என்னம்மா இது?" என்றார் ஒகிட்சு.

அவள் முத்திரையைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். அப்படி எழுதியது பழைய விதியைக் காக்கவா, கேலிக்கா என்று அதன்பின் எமி எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டாள். தோமோயே பேச்சை மாற்றுவதும் இல்லை. பதில் சொல்வதும் இல்லை.