உச்சிக்கு மேல் நாலு ஸ்பூன் கஞ்சி

யின் நுவேக்கு நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. பர்மாவில் மோல்மீன் ஊரில் எங்கள் தெருப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடைப் பச்சை லுங்கி எல்லாம் அவள் தைத்ததுதான். துணி வெட்டும்போது அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. மற்ற எந்த விஷயத்திலும் ஒரு முடிவுக்கு வரமாட்டாள். மீன் வாங்கப் போனால் இரண்டு மீனை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு கத்தரிக்காயோடு திரும்பி வருவாள். பக்கத்து வீட்டில் இருபது வருஷமாக இருக்கிற எனக்கு இதைப் பார்த்தே ரத்தக் கொதிப்பு ஏறியது. இப்பேர்ப்பட்டவள் கையில்தான் அவள் அப்பாவின் உயிர் வந்து விழுந்தது.

அப்பாவின் பேர் ஊ போ தவுங், ஆற்றில் படகு ஓட்டியவர். வயிற்றுப் புண் ஓட்டையாகி, ஆபரேஷன் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எண்பத்திரண்டு பவுண்டு இருந்தார். டாக்டர் அவளிடம் தெளிவாகத்தான் சொன்னார்: "ஒரு வேளைக்கு நாலு ஸ்பூன் போதும். ஆனா ஒரு நாளைக்கு ஆறு வேளை கொடுக்கணும், சாயங்காலமும் சேர்த்து. எடை இன்னும் இறங்குச்சுன்னா தையல் ஆறாது. அப்புறம் ஆளைக் காப்பாத்த முடியாது."

இதில் குழம்ப என்ன இருக்கிறது? ஆனால் இரண்டே நாளில் தெரு முழுக்க வந்து அவளைக் குழப்பிவிட்டுப் போனது. கோழி கொடுத்தால் தையல் சீழ் பிடிக்கும் என்றாள் ஒருத்தி. சுரைக்காய் குளிர்ச்சி என்றாள் இன்னொருத்தி. முட்டை கூடாது, விரால் மீன்தான் வேண்டும், விரால் மீன் கூடவே கூடாது. எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினாள் இவள். எங்கள் ஊர் அடுப்படிச் சுவர்களில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், எதோடு எதைச் சேர்த்தால் விஷம் என்று படம் போட்டு. ஒரு நாள் நான் போனபோது கையில் கரண்டியோடு அதன் முன்னால் நின்றிருந்தாள்.

"புறாவும் பூசணியும் சேரக்கூடாதாம் அக்கா."

"நீ புறா சமைக்கப் போறியா?"

"இல்ல."

"அப்புறம் என்னத்துக்கு அதைப் படிச்சிட்டு நிக்கிற? அங்க அடுப்புல கஞ்சி அடிபிடிக்குது பாரு."

கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன். முதல் மூன்று நாள் உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சித் தண்ணீர். பிறகு அரிசியைக் குழைய வேகவைத்து இஞ்சி தட்டிப் போட்ட கஞ்சி. அது ஒத்துக்கொண்டதும் விராலை ஆவியில் வைத்து, முள் எடுத்து, விரலால் மசித்து அதில் கலந்தோம். அடுப்படியில் அவள் குழப்பம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் வேறொரு சிக்கல் காத்திருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த மனுஷன் புத்தரிடம் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். பிழைத்தால் இந்த மழைக்காலம் மூன்று மாதமும் எட்டு சீலம் காப்பேன் என்று. எட்டு சீலம் என்றால் எட்டு விரத விதி, அதில் ஒன்றின்படி உச்சிக்கு மேல் ஒரு பருக்கை வாயில் போகக்கூடாது. மடத்தில் உச்சி மணி அடித்ததும் அவர் வாயைப் பூட்டிக்கொள்வார். ஆறு வேளை மூன்று வேளையாகிவிட்டது.

யின் நுவே மடத்துப் பெரிய சாமியையே வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவரும் நயமாகச் சொல்லிப் பார்த்தார்: "நோயாளிக்கு அஞ்சு சீலம் போதும் உபாசகரே. சாயங்காலம் சாப்பிடுங்க, ஒண்ணும் குத்தமில்ல."

"உயிரைக் கேட்டப்போ நான் அஞ்சுன்னு சொல்லலையே சாமி. எட்டுன்னுதானே சொன்னேன்."

சாமி எழுந்து மடத்துக்குத் திரும்பினார். அந்த வாரம் எடை பார்த்தால் எழுபத்தொன்பது. தராசைவிட்டு இறங்கும்போது அவர் கால் பின்னிக்கொண்டது. யின் நுவே என் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அழுதாள். மருந்துக்கு மட்டும் உச்சிக்கு மேல் தடையில்லை என்று அழுகைக்கு நடுவில் அவள்தான் சொன்னாள். காலியான டானிக் பாட்டிலை எடுத்துக் கழுவியது நான்தான், மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாளிலிருந்து கோழியை வேகவைத்த சாற்றில் கஞ்சியைக் கரைத்து, துணியில் வடிகட்டி, மிளகும் ஒரு சிட்டிகை வேப்பிலைப் பொடியும் போட்டு பாட்டிலில் ஊற்றினோம். மூன்று மணிக்கு நாலு ஸ்பூன், ஐந்து மணிக்கு நாலு ஸ்பூன், விளக்கு வைத்ததும் நாலு ஸ்பூன்.

"நல்ல மருந்தா இருக்கே. பேர் என்னம்மா?" என்றார் முதல் நாள்.

"இங்கிலீஷ்ல எழுதியிருக்குப்பா."

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாவம் யாருக்கு வரும் அக்கா? குடிக்கிறவருக்கா, கொடுக்கிறவளுக்கா?"

"முதல்ல ஆளு பிழைக்கட்டும்டி."

"அவர் சீலம் உடைஞ்சிடுச்சா, உடையலையா?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன சாமியாரா?"

தினமும் இதே கேள்விதான். சில நாள் பாட்டிலைக் கீழே கொட்டப் போவாள், சில நாள் ஒரு ஸ்பூன் கூடுதலாக ஊட்டிவிடுவாள். எடை மட்டும் குழம்பாமல் ஏறியது. எண்பத்து நாலு, எண்பத்தெட்டு, தொண்ணூற்று மூன்று. தையல் ஆறியது. கிழவர் தானாக எழுந்து கிணற்றடிக்குப் போனார். அதைப் பார்த்து நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

மழைக்காலம் முடிந்து பௌர்ணமிக்கு மறுநாள் காலை சாமியை அழைத்துச் சாப்பாடு போட்டார்கள். புண்ணியம் பங்கிட ஊ போ தவுங் எங்கள் வழக்கப்படி செம்பை எடுத்து நீரைத் தட்டில் தாரையாக வார்த்தார். "மூணு மாசம் ஒரு நாள்கூடத் தவறாம நான் காத்த சீலத்தோட புண்ணியம் எம் பொண்ணுக்குப் போகட்டும்" என்றார். நாங்கள் கைகூப்பி, நல்லது என்று ஏற்றுக்கொண்டு மூன்று தரம் சாது சொன்னோம். யின் நுவேயின் வாய் திறக்கவில்லை.

"சொல்லும்மா" என்றார் அவர்.

"அது மருந்தில்லப்பா. கோழிக் கஞ்சி."

தண்ணீர் நின்றுவிட்டது. சாமி தலையைக் குனிந்துகொண்டார். ஊ போ தவுங் செம்பை வைத்துவிட்டு எழுந்து போய்ப் படுத்தார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலும் கஞ்சியைத் தொடவில்லை. யின் நுவே கிண்ணத்தை உள்ளே கொண்டுபோவதும் வெளியே கொண்டுவருவதுமாக இருந்தாள். மூன்று மாதம் ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்த உடம்பு இப்படிப் போகிறதே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. சாயங்காலம் நாலு மணிக்கு நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஏமாத்தினதுல நானும் கூட்டுதான் ஐயா. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அவளைப் பட்டினியால கொல்லாதீங்க, அவளும் நேத்துலேர்ந்து சாப்பிடல."

அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். கோபமாகத் தெரியவில்லை. வழி தவறிய ஆள் மாதிரி பார்த்தார்.

"சீலம் காத்ததாலதான் பொழைச்சேன்னு நெனைச்சிருந்தேம்மா. அதைக் காக்கவே இல்லன்னா நான் எதனால பொழைச்சேன்?"

"கஞ்சியால" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் மகளைக் கூப்பிட்டு, செம்பில் தண்ணீரும் ஒரு தட்டும் கொண்டுவரச் சொன்னார்.

"எங்கிட்ட பங்கு கொடுக்கப் புண்ணியம் எதுவும் இல்ல. நீ கொடு. நான் வாங்கிக்கிறேன்."

அவள் செம்பைப் பிடித்துக்கொண்டு விழித்தாள். "எதைன்னு சொல்றதுப்பா?"

"கஞ்சி காய்ச்சினதைச் சொல்லு."

"பொய் சொல்லித்தானே கொடுத்தேன். அதையும் சேர்த்துச் சொல்லணுமா?"

"அது எனக்கும் தெரியல. கஞ்சியை மட்டும் சொல்லு."

தண்ணீர் பாதி தட்டிலும் பாதி பாயிலுமாக விழ, எங்க அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சின புண்ணியம் எங்க அப்பாவுக்கே போகட்டும் என்று ஏதோ உளறினாள். ஊ போ தவுங் மகளைப் பார்த்துக் கைகூப்பினார். "சாது, சாது, சாது" என்று மூன்று தரம் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஆறிக் கிடந்த கஞ்சிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.